உங்களுக்குத் தெரியுமா? – மரத்தில் முளைத்த குளம்பு

● காளான் என்றதும் நமக்கு முதலில் எழும் கேள்வி, சாப்பிடலாமா கூடாதா என்பதுதான். ஐரோப்பாவின் பழங்குடிகள் மரத்தில் முளைத்த காளானைப் பார்த்துக் கேட்டது வேறு: இதை வைத்து என்ன செய்யலாம்? நெருப்பு மூட்டினார்கள், இரத்தம் நிறுத்தினார்கள், கத்தி தீட்டினார்கள், தொப்பியே செய்து போட்டுக்கொண்டார்கள். இந்த இதழின் துணுக்குகள் அந்தக் காளான்களைப் பற்றியவை.

● 1991 செப்டம்பர் 19. ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையில் ஆல்ப்ஸ் மலையின் 3,210 மீட்டர் உயரத்தில், உருகும் பனிக்குள் பாதி புதைந்திருந்த ஓர் உடலை ஹெல்முட் சைமன், எரிகா சைமன் என்ற ஜெர்மன் தம்பதி கண்டார்கள். மலையேறப் போய் அண்மையில் இறந்துபோனவர் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆய்வு செய்தபோது வயது 5,300 ஆண்டுகள் என்று வந்தது. 'ஓட்ஸி' என்று உலகம் பெயர் வைத்த அந்தப் பனிமனிதனின் செம்புக் கோடரிதான் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அவரிடம் இருவகை மரக்காளான்களும் இருந்தன. அவற்றைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

● ஓட்ஸியின் இடுப்புப் பையில் சிக்கிமுக்கிக் கல்லால் செய்த சிறு கருவிகளுடன் கருப்பாக ஏதோ அடைந்து கிடந்தது. முதலில் அதைப் பிசின் என்று எண்ணினார்கள். பிறகுதான் அது 'குளம்புக் காளான்' எனப்படும் ஃபோமெஸ் ஃபோமென்டேரியஸிலிருந்து எடுத்த நெருப்புப் பஞ்சு என்று தெரிந்தது. அந்தப் பஞ்சில் இரும்புக் கந்தகக் கனிமமான பைரைட்டின் துகள்களும் ஒட்டியிருந்தன. சிக்கிமுக்கிக் கல், பைரைட், பஞ்சு: கி.மு. 3300 வாக்கில் ஒருவர் வைத்திருந்த முழுமையான தீப்பெட்டி இதுதான்.

● இன்னொரு வகை, பிர்ச் காளான். இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றையும் துளைத்துத் தோல் வாரில் கோத்து வைத்திருந்தார். எதற்கு? ஓட்ஸியின் குடலில் சாட்டைப்புழுவின் முட்டைகள் இருந்தன. புழுவுக்கு மருந்தாகத்தான் இதைச் சுமந்திருக்கிறார் என்று இத்தாலிய ஆய்வாளர் லூய்ஜி கபாஸோ 1998-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அந்தக் கருத்து உடனே பரவிவிட்டது. ஆனால் புழுவும் இருந்தது, காளானும் இருந்தது என்பதால் ஒன்றுக்கு மற்றது மருந்து என்று முடிவு கட்டிவிட முடியாது என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் படுகிறது. ஒன்று மட்டும் உறுதி: மெனக்கெட்டு ஓட்டை போட்டு வாரில் கோத்து, அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது வெறும் அலங்காரத்துக்காக இருக்காது.

● குளம்புக் காளானை அடையாளம் காண்பது எப்படி? பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மரத்தண்டில் யாரோ குதிரைக் குளம்பை ஒட்டவைத்தது போலிருக்கும். மேல்பக்கம் சாம்பல் நிறம், கல் மாதிரி கடினம், வளையம் வளையமாக மேடுகள். விரல் முட்டியால் தட்டினால் மரக்கட்டையைத் தட்டும் ஓசை வரும். அடிப்பக்கம் இளம்பழுப்பு. நம் சந்தையில் விற்கும் மொட்டுக் காளானுக்கு உள்ள செவுள்கள் இதற்குக் கிடையாது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்துளைகள் மட்டுமே. பீச், பிர்ச் மரங்களில் அதிகம். ஒரு பருவத்தோடு அழிந்துவிடாது, பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கும். வளையங்களை எண்ணினால் வயது தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஓர் ஆண்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வளையம் வரக்கூடும்.

● காளானை இரண்டாக அறுத்துப் பாருங்கள். மேலே மெல்லிய கடின ஓடு. கீழே நெருக்கமாக அடுக்கிய குழாய்கள். இரண்டுக்கும் நடுவில் மெத்தென்ற பழுப்புச் சதை. மரத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தில் பொடிப்பொடியாக உதிரும் ஒரு கரு. நடுவில் இருக்கும் அந்தப் பழுப்புச் சதைக்காகத்தான் ஐரோப்பியர் பல்லாயிரம் ஆண்டுகள் காடு சுற்றினார்கள்.

● விழுந்த மரம் நின்றபோது பட்டதா, விழுந்த பிறகு பட்டதா? குளம்புக் காளானைக் கேட்டால் சொல்லும். காளானின் துளைகள் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும், அப்போதுதான் விதை போன்ற ஸ்போர்கள் கீழே உதிர்ந்து காற்றில் பறக்கும். மரம் சாய்ந்துவிட்டால் காளான் தன் புதிய வளர்ச்சியைத் தரை நோக்கித் திருப்பிக்கொள்ளும். ஒரே காளானில் பழைய அடுக்கு ஒரு திசையிலும் புதிய அடுக்கு அதற்குக் குறுக்காகவும் இருந்தால், அது மரம் நின்றிருந்த நாளிலேயே முளைத்து, விழுந்த பின்னும் வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

● குளம்புக் காளானைப் போலவே தோற்றம் காட்டி ஏமாற்றும் ஒன்று உண்டு: சிவப்புப் பட்டைக் காளான். இதன் ஓரத்தில் செம்மஞ்சள் வளையம் இருக்கும், வயதானால் அது மங்கிப்போகும். அப்போது என்ன செய்வது? மேல் ஓட்டில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டுங்கள். சிவப்புப் பட்டையின் ஓடு பிசின் போல உருகிக் கொப்பளிக்கும். குளம்புக் காளானின் ஓடு கருகுமே தவிர உருகாது. ஆய்வகம் உள்ளவர்கள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓட்டின் துணுக்கைப் போடுவார்கள். குளம்புக் காளான் என்றால் கரைசல் இரத்தச் சிவப்பாக மாறும்.

● பிர்ச் காளானுக்கு இத்தனை சோதனை வேண்டாம். அது பிர்ச் மரத்தைத் தவிர வேறெங்கும் குடியேறாது. ஆகவே முதலில் மரத்தைப் பாருங்கள், பிறகு காளானைப் பாருங்கள். வெள்ளைப் பட்டை தாள்தாளாக உரியும் மரம் பிர்ச். இமயமலையில் வளர்ந்து, நம் முன்னோருக்கு எழுதும் பட்டை தந்த பூர்ஜ மரமும் இந்த இனம்தான். காளான் சிறுநீரக வடிவில், வெளிர்பழுப்புத் தோலுடன், ஓரம் உள்நோக்கிச் சுருண்டு இருக்கும். சதை வெண்மை, ரப்பர் போல வளையும். குளம்புக் காளான் பல்லாண்டுக்காரர் என்றால் இவர் ஓராண்டுக்காரர்.

● அந்த வெண்சதையின் பட்டையை மரப்பலகையில் ஒட்டி, சவரக்கத்தி தீட்டினார்கள் ஐரோப்பிய நாவிதர்கள். நம் ஊர் முடிதிருத்துநர் தோல்வாரில் கத்தியைச் சரக் சரக்கென்று இழுப்பாரே, அந்த வேலைதான். ஆங்கிலத்தில் இந்தக் காளானுக்குச் சவரக்கத்திப் பெயரே உண்டு. காயத்தின் மேல் ஒட்டும் பட்டையாகவும் இதன் மேல்தோலுக்கு அடுத்த பகுதியை உரித்துப் பயன்படுத்தினார்கள். பூச்சி சேகரிப்போருக்கு இது இன்னொரு வகையில் உதவியது. கொசு அளவே உள்ள பூச்சிகளை மயிரிழை ஊசியில் குத்தி வைக்க, நொறுங்காத, ஊசியைத் துருப்பிடிக்கவிடாத மெல்லிய கட்டை வேண்டும். காய்ந்த பிர்ச் காளானின் வெண்பட்டைகள் அதற்குப் பொருத்தமாக அமைந்தன. பழைய அருங்காட்சியகங்களின் பூச்சிப் பெட்டிகளில் இந்தப் பட்டைகளை இன்றும் காணலாம்.

● 'அமடூ': குளம்புக் காளானின் நடுச்சதையைப் பதப்படுத்திக் கிடைக்கும் பஞ்சின் பெயர். செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஓட்டையும் குழாய்களையும் சீவி எறிந்துவிட்டு நடுச்சதையை மெல்லிய வில்லைகளாக அரிவார்கள். ஈரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் கத்தி இறங்காது. பிறகு மரச்சாம்பல் கரைத்த நீரில் ஊறவைப்பார்கள் அல்லது வேகவைப்பார்கள். வெளியே எடுத்து மரச்சுத்தியலால் அடிப்பார்கள். அடிக்க அடிக்க நார்கள் தளர்ந்து, வில்லை அகன்று மெல்லியதாகி, பதனிட்ட மான்தோல் போல மென்மையாகும். உலர்த்தி, கையால் கசக்கி, மீண்டும் இழுத்துவிட்டால் ஒரு கைப்பிடி வில்லை கைக்குட்டை அகலத்துக்கு விரியும். தீ மூட்டுவதற்கென்றால் வெடியுப்புக் கரைசலில் ஒருமுறை நனைத்து உலர்த்துவதும் உண்டு.

● கல்லோடு கல் உரசினால் தீ வரும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். வராது, பொறிதான் வரும். அந்தப் பொறி உயிர் பிழைக்க ஓர் இடம் வேண்டும். காய்ந்த புல்லில் விழுந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். அமடூவில் விழுந்தால் அணையாது. சுடர் இல்லாமல், புகை கூட அதிகம் இல்லாமல், சிவந்த புள்ளியாகக் கனன்று மெல்ல மெல்லப் பரவும். அந்தக் கனலைக் காய்ந்த புல்லில் பொதிந்து ஊதினால் சுடர் எழும். நெருப்பை உண்டாக்கியவர் பெருமை கல்லுக்கே போய்விட்டது, பாவம் காளான்.

● கனலைச் சுமந்து போகவும் இதே காளான் உதவியது. முழுக் காளானில் கனல் வைத்துவிட்டால் மணிக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மழைநாளில் அடுத்த முகாமுக்கு நெருப்பைத் தூக்கிப் போகலாம். ஓட்ஸி இன்னொரு வழியும் வைத்திருந்தார்: பிர்ச் பட்டையில் செய்த டப்பாவில், பச்சை மேப்பிள் இலைகளில் பொதிந்த கரித்துண்டுகள்.

● இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 'ஸ்டார் கார்' என்ற இடத்தில் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைக்காரர் குடியிருப்பை அகழ்ந்தபோது குளம்புக் காளான்கள் நிறையக் கிடைத்தன. ஓட்ஸிக்கும் நமக்கும் இடைவெளி எவ்வளவோ, அதற்குச் சற்றே கூடுதலான இடைவெளி ஸ்டார் காருக்கும் ஓட்ஸிக்கும்!

● அறுவை மருத்துவர்களின் பெட்டியிலும் அமடூ இருந்தது. வெட்டுக்காயத்தில் அழுத்தினால் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு கசிவை நிறுத்தும். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதற்கு 'அறுவை மருத்துவர் காளான்' என்றே பெயர். பல் மருத்துவர்கள் பல்லை ஈரமின்றித் துடைக்க இதை வைத்திருந்தார்கள். தேனீ வளர்ப்போர் புகைபோட எரித்தார்கள். தூண்டிலில் செயற்கை ஈ கட்டி மீன் பிடிக்கும் பொழுதுபோக்காளர்கள் இன்றும் ஒரு துண்டு அமடூவைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். ஈ நனைந்து மூழ்கிவிடாமலிருக்க அதற்குள் வைத்து ஓர் அழுத்து, ஈரம் போய்விடும்.

● 1827-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகர மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கினார். அமடூ வியாபாரத்துக்குக் காலம் முடியத் தொடங்கியது அன்றுதான்.

● முழுவதும் முடிந்துவிடவில்லை. ருமேனியாவின் திரான்சில்வேனியப் பகுதியில் கோருண்ட் என்றொரு கிராமம். ஹங்கேரிய மொழி பேசும் செக்லர் மக்கள் வாழும் ஊர், மண்பாண்டங்களுக்குப் பெயர்போனது. அங்கே சில குடும்பங்கள் இன்றும் காட்டிலிருந்து குளம்புக் காளான் கொண்டுவந்து, அரிந்து, அடித்து, இழுத்து, தையலே இல்லாத தொப்பிகளும் கைப்பைகளும் செய்கிறார்கள். அமெரிக்கக் காளான் அறிஞர் பால் ஸ்டாமெட்ஸ் மேடைக்கு மேடை அணிந்து வரும் பழுப்புத் தொப்பி இந்தக் காளானில் செய்ததுதான்.

● லார்ச் மரத்தில் வளரும் 'அகாரிகான்' என்ற வெண்காளானை முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் தம் மருந்து நூலில் சேர்த்திருக்கிறார். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஹைடா, ட்லிங்கிட் பழங்குடிகள் இதையே மனித உருவங்களாகச் செதுக்கிப் பூசாரிகளின் கல்லறைக்குக் காவல் வைத்தார்கள். அருங்காட்சியகங்கள் அந்தப் பொம்மைகளை மரச்சிற்பம் என்று அட்டை எழுதி வைத்திருந்தன. காளான் என்று ஆய்வாளர்கள் 1992-இல் எழுதிய பிறகே அட்டைகள் திருத்தம் கண்டன. முதிர்ந்த காடுகள் அழிய அழிய இந்தக் காளானும் அருகி, இன்று அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

● பிர்ச் மரத்தில் கரி பிடித்தது போல வெடித்துக் கிடக்கும் கட்டி 'சாகா'. வெளியே கறுப்பு, உடைத்தால் உள்ளே துருநிறம். சைபீரிய மக்கள் இதைத் தேநீர் போலக் காய்ச்சிக் குடித்தார்கள். ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சினின் 'புற்றுநோய் வார்டு' நாவலில் நோயாளிகள் இதைப் பற்றி ஆவலோடு பேசிக்கொள்ளும் காட்சி உண்டு. நாவல் புகழ் பெற்றது, சாகாவும் சேர்ந்து புகழ் பெற்றது. இன்று பொடியாக இணையத்தில் விற்கிறார்கள். வாங்குவோருக்கு ஒரு தகவல்: இதில் ஆக்சலேட் மிக அதிகம். மாதக்கணக்கில் பொடியைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

● அலாஸ்காவின் யூபிக் மக்கள் மரக்காளானைச் சுட்டுச் சாம்பலாக்கிப் புகையிலையோடு கலந்து வாயில் அடக்குகிறார்கள். சாம்பலின் காரத்தன்மை நிகோடினைச் சட்டென்று உடலில் ஏற்றிவிடும். நம் ஊரில் புகையிலைக்குச் சுண்ணாம்பு சேர்ப்பதன் வேதியியலும் இதேதான். இரண்டும் கேடுதான்.

● மரத்தில் வளரும் தட்டுக் காளான்கள் எல்லாம் விஷமற்றவை என்றொரு நம்பிக்கை ஐரோப்பாவில் உண்டு. அதைப் பொய்யாக்குவது ஹாப்பலோபிலஸ் என்ற சிறு பழுப்புக் காளான். தின்றால் சிறுநீர் ஊதா நிறமாகும், பார்வையும் நடையும் தடுமாறும். காரணம் அதில் மிகுந்திருக்கும் பாலிபோரிக் அமிலம். அதே பொருளுக்காகச் சாயக்காரர்கள் இதைத் தேடி அலைகிறார்கள்: காரநீரில் காய்ச்சினால் கம்பளி நூலுக்கு அருமையான ஊதா கிடைக்கும். அடையாளம் காணவும் இதுவே வழி. ஒரு சொட்டு காரம் பட்டால் பழுப்புச் சதை அந்தக் கணமே ஊதாவாகும்.

● அகலமான பலகை போல வளரும் 'ஓவியர் காளான்' ஒன்று இருக்கிறது. அதன் வெள்ளை அடிப்பக்கத்தில் குச்சியால் கீறினால் கோடு பழுப்பாகி நிலைத்துவிடும். காய்ந்தபின் பல ஆண்டுகள் அழியாது. கனடா காளான் அறிஞர் புல்லரின் கணக்குப்படி, பெரிய ஓவியர் காளான் ஒன்று ஒரு நாளைக்கு 3,000 கோடி ஸ்போர்களை உதிர்க்கும், அதுவும் மாதக்கணக்கில். ருவாண்டா மலைகளில் கொரில்லாக்கள் இதற்காகச் சண்டையிட்டுக்கொள்வதைக் கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸி பதிவு செய்திருக்கிறார். அவற்றுக்கு ஓவியம் தேவையில்லை, தின்பதற்குத்தான்.

● அமெரிக்க விடுதலைப் போரின்போது டேவிட் புஷ்னல் கட்டிய 'டர்டில்' நீர்மூழ்கியில் ஒருவர்தான் உட்கார முடியும். மெழுகுவர்த்தி ஏற்றினால் உள்ளிருக்கும் காற்று தீர்ந்துவிடும். அதனால் காளான் படிந்து இருட்டில் ஒளிரும் மரத்துண்டுகளைத் திசைகாட்டியின் முள்ளில் ஒட்டிக்கொண்டார்கள். குளிர் கூடினால் அந்த ஒளி மங்கிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

● இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து மரப்பதிப்பு ஓவியங்களில் பச்சை நிற மரத்துண்டுகள் தென்படும். சாயம் பூசியவை அல்ல. குளோரோசிபோரியா என்ற பூஞ்சை பிடித்து இயற்கையாகவே நீலப்பச்சை ஏறிய மரம். ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் வெளிறவில்லை.

● நம் பக்கத்துக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில் பலாமரத்தில் வளரும் கடினக் காளானுக்குப் 'பணசொம்பா' என்று பெயர். குழந்தைக்கு வாய்நீர் ஓயாமல் வடிந்தால் இதைக் கல்லில் உரைத்து ஈறில் தடவுவது அங்குள்ள பழைய வைத்தியம்.

● கடைசியாக, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதை மட்டும் தவறாமல் படியுங்கள். சீனர்கள் சாகாவரம் தரும் மருந்தாக மதிக்கும் 'லிங்ஸி' காளான் கானோடெர்மா இனத்தைச் சேர்ந்தது. தென்னையைக் கொல்வதும் அதே இனத்து உறவினர்தான். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் தென்னைகள் கூட்டம் கூட்டமாக வாடியபோது கவனத்துக்கு வந்ததால் இதற்குத் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். அடிமரத்தின் வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பு நீர் கசியும், கசிவு மெல்ல மேலேறும், கீழ்மட்டைகள் தொங்கும். அடிமரத்தில் அரக்கு பூசியது போலப் பளபளக்கும் தட்டுக் காளான் முளைப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். அழகாக இருக்கிறதென்று விட்டுவைக்காதீர்கள். அந்த மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, அதன் வேர் பக்கத்து மரத்தைத் தொடாமல் பிரியுங்கள். மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். காளான் வரும்வரை காத்திருக்காமல், செம்பழுப்புக் கசிவைக் கண்ட அன்றே வட்டார வேளாண் அலுவலரிடம் காட்டிவிடுங்கள்.